திறக்காத இருநூற்றுப் பன்னிரண்டு மெயில்கள்

உட்காருங்கள் சார். அந்தப் பக்கம் வெயில் வரும், இந்தப் பக்கம் உட்காருங்கள். உள்ளே கூட்டிப்போக முடியாது, தப்பாக நினைக்காதீர்கள். முட்டை பொரிக்கிற ஹேச்சரி இல்லையா, குளித்து, இங்கே தரும் உடுப்பை மாட்டினால்தான் உள்ளே விடுவார்கள். வெளியூர்க் கோழிச் சீக்கு செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று பயம். நானும் ராத்திரி ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு இப்போதுதான் வெளியே வந்தேன். ஓனர் பத்து மணிக்கு வருவார். இப்போது ஒன்பதேகால்தானே? நேரம் இருக்கிறது.

பூங்கோதையைப் பற்றி விசாரிக்க வந்ததாகச் சொன்னீர்கள். இத்தனை நாள் ஜவ்வரிசி ஆலை நடத்தினீர்கள், இப்போது ஆத்தூர்ப் பக்கம் புதிதாக ஹேச்சரி தொடங்குகிறீர்கள், முட்டைக்குக் கிருமி சாக மருந்துப் புகை போட்டுத் தரம் பார்க்க ஆள் வேண்டும், அவள் வந்து கேட்டாள், என் பெயரைச் சொன்னாள். என்னவென்று சொன்னாள்? இன்னொரு தடவை சொல்லுங்கள்.

"அங்க குணசீலண்ணன்னு ஒருத்தரு இருக்கறாருங்க. எல்லாரும் என்னையப் பேசுனாங்க. அவரு மட்டும் ஒரு வார்த்தை பேசல. அவருகிட்டக் கேளுங்க."

அப்படியா சொன்னாள்.

உண்மைதான் சார். நான் அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை.

ஒரே பேச்சில் சொல்லச் சொன்னால், எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பதினாலு வருஷம் இங்கே இருந்தவள். முட்டையைக் கையில் வாங்கும்போதே ஓட்டில் மயிரிழைக் கீறல் இருந்தால் சொல்லிவிடுவாள். பெர்மாங்கனேட்டைச் சட்டியில் போட்டு, ஃபார்மலினை ஊற்றிக் கதவைச் சாத்தினாள் என்றால், கடிகாரம் பார்க்காமல் சரியாக இருபதாவது நிமிஷம் திறப்பாள். போதுமா? போதாது, தெரியும். 'மருந்தை அள்ளிக் கொட்டி முட்டையைக் கொன்றவள்' என்று நாமக்கல் முழுக்கப் பேச்சு. அது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். வராவிட்டால் இவ்வளவு தூரம் வண்டி எடுத்துக்கொண்டு வந்திருக்க மாட்டீர்கள்.

அவள் கொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்க வேண்டும். முகத்தைச் சுளிக்காதீர்கள், எளிதாகத்தான் சொல்வேன். நானே பத்தாவது தவறியவன்.

முட்டை பதினெட்டு நாள் செட்டரில் இருக்கும். செட்டர் என்றால் ஆள் உள்ளே நடக்கிற அளவுக்குப் பெரிய பெட்டி. சூடு, ஈரம் எல்லாம் அளவாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், மணிக்கு ஒரு தடவை தட்டுகளைச் சாய்க்க வேண்டும். ஒரு மணிக்கு இந்தப் பக்கம், அடுத்த மணிக்கு அந்தப் பக்கம். தாய்க்கோழி அலகால் புரட்டிப் புரட்டிப் போடுமே, அதுதான். புரட்டாவிட்டால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். சாகிறதும் உடனே தெரியாது. முட்டை வெளியே முட்டையாகத்தான் இருக்கும். இருபத்தோராம் நாள் குஞ்சு வராதபோதுதான் தெரியும்.

எங்களிடம் மூன்று செட்டர். மூன்றாம் நம்பரின் கட்டுப்பாட்டு அட்டை, அதாவது பெட்டியை ஓட்டுகிற சின்னக் கம்ப்யூட்டர், ஒரு இடியில் கருகிப் போயிற்று. கம்பெனிக்காரன் வர மூன்று வாரம் ஆகும் என்றான். அப்போதுதான் நான் ஓனரிடம் போய், நான் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். சிரித்தார். "குணா, நீ ஆபரேட்டரா, இன்ஜினியரா?" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இருபது வருஷமாக நான் ராத்திரி வேலைக்காரன் சார். வீட்டில் பகலில் தூங்குகிறவனோடு யாரும் பேச மாட்டார்கள். ராத்திரியில் பேச ஆள் கிடையாது. மெஷின் சத்தத்தில் உட்கார்ந்து ஒரு பழைய லேப்டாப்பில் நானாக ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். அகராதி வைத்து இங்கிலீஷ் படித்து, இங்கிலீஷ் வைத்து புரோகிராம் படித்தேன். சொல்லிக் கொடுக்க யாருமில்லை. அதனால் திட்டவும் யாருமில்லை. அதுதான் பின்னால் வினையாகிப் போயிற்று.

நின்யோ என்று ஒரு புரோகிராம். போர்ச்சுகலில் இனெஸ் என்று ஒரு அம்மா, வாத்துப் பண்ணை வைத்திருக்கிறவர், தன் பொரிப்புப் பெட்டிக்காக எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம். நல்லதாக ஏதாவது செய்தால் திருப்பி அனுப்பலாம், பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். பத்து நாட்டில் இருபது பேர் போல அதில் வேலை செய்கிறார்கள், யாரும் யாரையும் பார்த்தது கிடையாது. ஒருவர் ஒரு ஓட்டையை அடைப்பார், ஒருவர் புதிதாக ஒன்றைச் சேர்ப்பார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லோருக்கும் ஒரு மெயில் வரும்: இதை மாற்றினேன், இதற்காக மாற்றினேன் என்று. அதைப் படித்து நம் பிரதியிலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுதுவது பாதி வேலை என்றால், அடுத்தவர் எழுதியதைப் படித்துக்கொண்டே வருவது மீதிப் பாதி.

நானும் அதை எடுத்து, விலைக்கு வாங்கிய ஒரு சின்ன அட்டையில் ஏற்றி மூன்றாம் நம்பரில் மாட்டினேன். முதல் அஞ்சாறு மாதம் மெயிலை ஒன்று விடாமல் படித்தேன். மூன்றாம் நம்பர் அருமையாக ஓடியது. அந்தத் தெம்பில் திரையை எல்லாம் தமிழில் மாற்றினேன். சூடு ஏறினால் மணி அடிக்கிறதற்குப் பதிலாகப் பேச்சு வருகிற மாதிரி வைத்தேன். குரல் கொடுத்தது பூங்கோதைதான். போனை நீட்டிப் பேசு என்றால் சிரித்துச் சிரித்து ஏழாவது தடவைதான் ஒழுங்காகப் பேசினாள். "மூணாம் நம்பரு சூடு ஏறுதுங்க, வந்து பாருங்க." கேட்டுவிட்டு அவளே, "ஏண்ணா, நானு இப்படித்தான் கத்தறனா? எங்கூட்டுக்காரரு பாவம்" என்றாள்.

அதையெல்லாம் மொத்தமாகக் கட்டி இனெஸ் அம்மாவுக்கு அனுப்பினேன். நாலாயிரம் வரி. என் பெயர் அந்தப் பட்டியலில் ஏறும், உலகத்தில் யாராவது பார்ப்பார்கள் என்று ஒரு ஆசை. மூன்றாம் நாள் பதில் வந்தது. நன்றி என்று ஒரு வரி. அதற்குக் கீழே பதினாலு குறிப்பு. இதைச் சின்னச் சின்னதாகப் பிரித்து அனுப்புங்கள். இது ஏற்கெனவே இருக்கிறது. இந்த மாற்றம் எதற்காக என்று ஒரு வரி எழுதுங்கள். இப்படிப் பதினாலு.

இப்போது படித்தால் அதில் ஒரு கோபம்கூட இல்லை சார். எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவார். அன்றைக்கு எனக்கு எப்படிப் பட்டது என்றால், பத்தாம் வகுப்புக் கணக்குப் பேப்பரைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. போங்கடா என்று என் பிரதியைத் தனியாக வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்வதில் தப்பில்லை, நிறையப் பேர் செய்வார்கள். ஆனால் அங்கே நடக்கிற மாற்றங்களை இங்கே சேர்க்க வேண்டும். நான் மாற்றியிருக்கிற இடத்திலேயே அவர்களும் மாற்றியிருப்பார்கள், இரண்டும் இடிக்கும், உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பிரிக்க வேண்டும். வாரம் ஒரு தடவை செய்தேன். பிறகு மாதம் ஒரு தடவை. பிறகு, நின்யோவிலிருந்து வரும் மெயில் எல்லாம் கண்ணில் படாமல் நேராக ஒரு ஓரத்தில் போய் விழுகிற மாதிரி வைத்தேன். திறந்தால் அதில் யாராவது என் தப்பைச் சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது. ஓடுகிற மெஷினை எதற்கு நோண்ட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓடத்தான் செய்தது. வாரத்துக்கு இரண்டு தடவை கரண்ட் போய் அந்த அட்டை அணைந்து எழுந்துகொண்டிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. தனி பேட்டரி வைத்தேன். பெட்டியைக் கழுவும்போதுகூட அட்டை மட்டும் அணையாது. திரையில் ஒரு ஓரத்தில் 'நிற்காமல் ஓடிய நாள்' என்று ஒரு எண் வைத்தேன். இருபது, முப்பது, நாற்பது என்று ஏறும். ஓனரைக் கூட்டிவந்து காட்டினேன். இன்னொன்றும் செய்தேன். முன்னெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்ணாடி வழியாக டார்ச் அடித்துத் தட்டு சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுதுவோம். பூங்கோதைதான் பகலில் எழுதுவாள். நான்தான் சொன்னேன், "எதுக்கு இன்னமும் நோட்டு? அதான் திரையிலயே 'திருப்பியாச்சு'ன்னு வருதில்ல." நோட்டை எடுத்து அலமாரியில் வைத்தாயிற்று.

நாற்பத்தொன்பது நாள் சார். அந்த அட்டைக்குள்ளே நேரத்தை எண்ணுகிற இடம் நாற்பத்தொன்பது நாளில் நிரம்பிவிடும். நிரம்பினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து வரும். புரோகிராமுக்கு அது தெரியாது. அடுத்து திருப்ப வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று காத்துக்கொண்டே இருக்கும். திரை மட்டும் தன் பாட்டுக்கு 'திருப்பியாச்சு' என்று எழுதும். அணைத்து எழுப்பினால் சரியாகிவிடும். அணையாமல் பார்த்துக்கொண்டது நான்.

பத்தொன்பதாயிரத்து இருநூறு முட்டை. உள்ளே போன அஞ்சாம் நாள் தட்டு நின்றிருக்கிறது. அதற்கப்புறம் பதிமூன்று நாள் ஒரு முட்டையும் அசையவில்லை. வழக்கமாகப் பதினாறாயிரம் குஞ்சுக்குக் குறையாது. அன்றைக்கு ஏழாயிரத்துச் சொச்சம். வந்ததிலும் பாதி நிற்க முடியாமல் விழுந்தது. வழக்கமாகக் குஞ்சு இறங்கும் நாளில் பக்கத்தில் பேசினால் கேட்காது, அவ்வளவு சத்தம் இருக்கும். அன்றைக்கு நான் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

பொரிக்காத முட்டையை உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. ஒரு நூறு முட்டை உடைத்துவிட்டு என்னிடம் வந்தாள். கையெல்லாம் நாற்றம். "அண்ணா, இங்க பாருங்க. குஞ்சு ஓட்டுல ஒட்டிக் கெடக்குது. தலை கீழ்ப்பக்கமாப் போயிருக்குது. எம் மருந்துதான் அதிகமாயிருச்சோன்னு மொதல்ல பயந்தேன், மருந்துன்னா இப்படி ஆகாதுண்ணா. இது திருப்பாத முட்டையாட்டம் இருக்குது."

திரையைக் காட்டினேன். "பாரு. மணிக்கு மணி திருப்பியிருக்குது. ஒரு மணிகூட விடல."

பார்த்தாள். நான் போட்ட தமிழ் எழுத்துதானே, நன்றாகப் படித்தாள். "அட, ஆமாண்ணா. அப்ப வேற என்னமோ" என்றாள். தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு நான் எழுதியதை நம்பினாள்.

அன்றைக்கு எனக்கு நிஜமாகவே தெரியாது சார். அதை மட்டும் நம்புங்கள். புதன்கிழமை அது. ஓனர் அவளை அழைத்து, நீ மருந்தை அதிகம் போட்டதுதான் காரணம், சனிக்கிழமையோடு கணக்கு முடித்துக்கொள் என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. திருப்பாத முட்டையாட்டம் என்று அவள் சொன்னது காதிலேயே இருந்தது. போய் அந்த ஓரத்தைத் திறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு மெயில். நாலு மாதத்துக்கு முந்தைய ஒன்றில் தலைப்பே 'முக்கியம், எல்லோரும் உடனே மாற்றிக்கொள்ளுங்கள்'. நாற்பத்தொன்பது நாள் விஷயம். எங்கோ ஒரு நாட்டில் ஒருவனுக்கு நானூறு வாத்து முட்டை போயிருக்கிறது, அதை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மாற்ற வேண்டியது மூன்று வரி. அதற்கடுத்த வாரம் இனெஸ் அம்மா எனக்கென்றே தனியாக ஒன்று எழுதியிருக்கிறார். 'குணா, உங்கள் பிரதியில் இன்னும் பழைய வரிகளே இருப்பதைப் பார்த்தேன். நீங்கள் நலமா? அதை மட்டுமாவது மாற்றிவிடுங்கள்.' நலமா என்று கேட்டிருக்கிறார் சார். பதினஞ்சாவது குறிப்பு என்று நினைத்து நான் திறக்காமல் வைத்திருந்தேன்.

வியாழன். அவள் போனது சனி. நடுவில் இரண்டு நாள் இருந்தது.

அந்த இரண்டு நாளில் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். மூன்று வரியை மாற்றினேன். மாற்றத்துக்கு ஒரு விளக்கம் எழுத வேண்டுமில்லையா, 'சிறு திருத்தம்' என்று எழுதினேன். பேட்டரியைக் கழற்றிவிட்டேன். அவள் சனிக்கிழமை சாயந்திரம் டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு இதோ, இந்த இடத்தில் நின்று, "வர்றேண்ணா. சூடு ஏறுனா நானே வந்து கத்தறேன், பயப்படாதீங்க" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

அடுத்த ஈடு முட்டை எண்பத்தெட்டு சதவீதம் பொரித்தது. திருப்பினால் பொரிக்காதா? ஓனர் என் தோளில் தட்டி எல்லோர் முன்னாலும் சொன்னார், "பாத்தியா குணா, அவ போனா, பொரிப்பு ஏறிருச்சு." அதுவரைக்கும் எல்லோருக்கும் சந்தேகமாக இருந்தது அன்றைக்கு நிச்சயமாகிவிட்டது. நான் அடைத்த ஓட்டைதான் அவள் மேல் சாட்சி. குஞ்சு எடுக்க வருகிறவர்கள், மருந்து விற்க வருகிறவர்கள், எல்லோரிடமும் இதைச் சொன்னார். அவளுக்கு நாலு ஹேச்சரியில் வேலை இல்லை என்றார்கள். இப்போது கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு ஆயுத பூஜைக்கு இந்த வாட்ச். மற்ற இரண்டு செட்டருக்கும் என் அட்டைதான். 'அந்தப் பொம்பளை குரல் எதுக்கு இன்னும்' என்றார் ஒரு நாள். எடுத்துவிட்டு மணிச் சத்தம் வைத்தேன். அதற்கும் ஒரு வரி எழுதினேன், என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

ஆனால் அதற்கப்புறம் நான் ஒரு நாள் தவறியதில்லை சார். காலையில் குளித்ததும் டீ குடிப்பதற்கு முன்னால் மெயிலைத் திறந்துவிடுவேன். யார் ஒரு கமாவை மாற்றினாலும் எனக்குத் தெரியும். என் நாலாயிரம் வரியையும் நாற்பது துண்டாகப் பிரித்து அனுப்பி, எல்லாம் சேர்ந்தாயிற்று. இப்போது மற்றவர்கள் அனுப்புவதை நானும் பார்த்துக் குறிப்பு எழுதுகிறேன். போன மாதம் பெரு நாட்டுப் பையன் ஒருவனுக்கு, விளக்கம் போதவில்லை, ஏன் மாற்றினாய் என்று எழுது என்று திருப்பி அனுப்பினேன். நல்லபடியாகத் திருந்தியிருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து அவள் சொன்னதைச் சொல்லுகிற வரைக்கும்.

என்ன கேட்டீர்கள்?

ஆமாம். முட்டை சாக நூறு காரணம் இருக்கும்போது, ஓனர் ஏன் மருந்து என்று பிடித்தார். நல்ல கேள்வி. ஜவ்வரிசி ஆலையில் இருந்தவர் என்றாலும் சரியான இடத்தில்தான் பிடிக்கிறீர்கள்.

அந்தப் புதன்கிழமை ஓனர் என்னையும் அழைத்தார். எதிரே உடைத்த முட்டைத் தட்டு. "குணா, உன் மெஷின்ல ஏதாவது கோளாறா?" என்றார். இல்லீங்க என்றேன். "பின்ன?" என்றார். அவ்வளவுதான் கேட்டார், 'பின்ன'. முகத்தைப் பார்த்தபடியே இருந்தார். எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இருந்தது. "அன்னிக்குப் புகை ரூம்ல வாசம் கொஞ்சம் தூக்கலாத்தானுங்க இருந்துச்சு" என்றேன்.

பெயர் சொல்லவில்லை. அவள் என்று சொல்லவில்லை. வாசம் என்றுதான் சொன்னேன். ஃபார்மலின் என்றைக்கும் தூக்கலாகத்தான் இருக்கும், கண்ணில் தண்ணீர் வராத நாள் கிடையாது. அதனால் பொய்யும் இல்லை. இதை வைத்துத்தான் ஒரு வருஷமாக, நான் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை என்று எனக்கு நானே சொல்லி வருகிறேன். உங்களிடமும் வந்ததும் அதையே சொன்னேன், பார்த்தீர்களா. வாய் பழகிவிட்டது.

சரி சார், எடுத்துக்கொள்ளுங்கள் அவளை. நான் சொன்னதாக, நல்லவள், வேலைக்காரி என்று மட்டும் உங்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை அவளிடம் சொல்ல வேண்டாம். அண்ணன் நல்லபடியாகச் சொன்னார் என்று சொன்னால் போதும்.

ஏன் சார், தலையை ஆட்டுகிறீர்கள்?

உங்கள் கூட்டாளிகள் கேட்பார்களா. சரி. நாமக்கல் ஓனர் தன் வாயால் 'அவள் தப்பு இல்லை' என்று சொன்னால்தான் சேர்ப்பார்களா. ராத்திரி ஆபரேட்டர் பேச்சுக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள். அது நியாயம்தான். அப்படியானால் நான் ஓனரிடம் சொல்ல வேண்டும். சொன்னால், மூன்று பெட்டியும் என் அட்டை. அன்றைக்கே கழற்றிப் போடுவார். நாற்பத்தொன்பது வயசு, கையில் ஒரு சர்டிபிகேட் கிடையாது. இந்த நாலு சுவருக்கு வெளியே நான் புரோகிராம் எழுதுவேன் என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமைக்குள் அவளுக்குப் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறீர்களா. இன்றைக்கு வெள்ளி.

சொல்லுகிறேன் சார். சாயந்திரம் சொல்கிறேன், நீங்கள் ஊருக்குப் போங்கள், நான் போன் பண்ணுகிறேன்.

இல்லை, போகாதீர்கள். உட்காருங்கள். நீங்கள் அந்த கேட்டைத் தாண்டினால் நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். சாயந்திரம் எழுந்து, தலைவலி என்று சொல்லிக்கொள்வேன். நாளைக்கு, ஓனர் கோபமாக இருந்தார் என்று சொல்லிக்கொள்வேன். எனக்கு இரண்டு நாள் கொடுத்தால் நான் என்ன செய்வேன் என்று ஏற்கெனவே சொன்னேனே.

அந்தச் சத்தம் கேட்கிறதா? அவர் வண்டிதான். வாட்ச்மேன் டீக்குப் போயிருக்கிறான், கேட்டை நான்தான் திறக்க வேண்டும். நீங்கள் இங்கேயே இருங்கள், திறந்துவிட்டு வந்துவிடுகிறேன்.

வேண்டாம் சார். நீங்களும் கூடவே வாருங்கள். கண்ணாடியை இறக்கி, 'யாரு குணா இவரு?' என்று கேட்பார். எதற்காக வந்தீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் பெயரைச் சொல்லிவிடுங்கள். அவள் பெயரை எடுத்துவிட்டால், அதற்கு மேல் என்னால் வாசம் என்று சொல்ல முடியாது.